ஸ்டோர் கதவைத் திறப்பதற்கு முன்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் குழுத் தலைவிகள், இளைஞர் அணியினர் ஆகியோருக்காக நடைபெற்ற ஒருநாள் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் சம்பளப் பேச்சுவார்த்தை பற்றிக் கேட்டோம். பிற்பகலில் காணி, வீடு பற்றிப் பேச இருக்கிறார்கள். நடுவில் எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் நான் பேசப்போவது தீயைப் பற்றி. எல்லாத் தீயையும் பற்றி அல்ல. பூட்டிக் கிடக்கும் ஒரு ஸ்டோருக்குள்ளே பெற்றோல், தின்னர், காஸ் போன்றவற்றின் ஆவி நிறைந்திருக்கும்போது, அதை அணைக்கப் போகிற மனிதருக்கு என்ன நடக்கும் என்பதைப் பற்றி மட்டும்.

"டீச்சர், இது தீயணைப்புப் படைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம். எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோட்டத்து ஸ்டோரில் தீப்பிடித்தால் முதலில் ஓடுவது யார்? பெரிய துரையா? ஸ்டோர் கீப்பரா? பிரட்டுக் களத்தில் நிற்கிற நம்முடைய பொடியன்கள்தான் ஓடுவார்கள். பக்கத்து லயத்திலிருந்து தண்ணீர் வாளியோடு நம்முடைய அக்காமார் ஓடுவார்கள். அந்த நேரத்தில் தீயணைப்புப் படை நாம்தான்.

நம் நாட்டில் தீயணைப்பு வண்டிகள் பெரும்பாலும் மாநகர சபை, நகர சபைகளின் கையில் இருக்கின்றன. நம் தோட்டங்களில் பெரும்பாலானவை பிரதேச சபை எல்லைக்குள் இருக்கின்றன. பிரதேச சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவழிப்பதற்கே 2018ஆம் ஆண்டு வரை சட்டம் தடையாக இருந்தது. அந்த ஆண்டில்தான் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டது. டவுனிலிருந்து வண்டி புறப்பட்டு, நம்முடைய தோட்டத்துப் பாதையில் ஏறி, வளைவெல்லாம் கடந்து வந்து சேரும்போது எரிய வேண்டியது எரிந்து முடிந்திருக்கும். ஆகவே தீயணைப்புப் படைக்காரர்கள் கற்கிற பாடத்தில் முக்கியமானதை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு உடுப்பு இருக்கிறது, காற்றுச் சிலிண்டர் இருக்கிறது, அளக்கும் கருவி இருக்கிறது. நமக்கு இவை ஒன்றும் இல்லை. ஆகவே நாம் அவர்களைவிடக் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும்.

எரிவது எண்ணெய் அல்ல, ஆவி

முதலில் விஞ்ஞானத்தைக் கொஞ்சம் பார்ப்போம். என்னுடைய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன்.

பெற்றோல் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது பெற்றோலிலிருந்து எழும் ஆவி. அந்த ஆவி காற்றோடு சேர்ந்த பிறகுதான் தீப்பற்றும். எந்தக் குளிரில் இருந்து ஒரு எண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடத் தொடங்குகிறது என்பதை அளந்து வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு அது ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல். டீசலுக்கு 50 பாகைக்கும் மேல். பெற்றோலுக்கு எவ்வளவு தெரியுமா? பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை. பனிக்கட்டியைவிடப் பலமடங்கு குளிரான இடத்தில்கூட அது தீப்பற்றும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும்.

நம்முடைய ஆட்கள் சிலர், "இங்கே என்ன வெயிலா அடிக்கிறது, இந்தக் குளிரில் பெற்றோல் ஒன்றும் செய்யாது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நுவரெலியாவில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுகிற ஜனவரி விடியற்காலையிலும் பெற்றோலுக்கு அது சூடான இடம்தான். மண்ணெண்ணெய் அப்படி அல்ல. ஆனால் மண்ணெண்ணெய் சாக்கிலோ துணியிலோ ஊறியிருந்தால், அல்லது சூடான அடுப்பில் சிந்தினால், அதுவும் சுலபமாகப் பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது விஷயம், பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு பாரமானது. நாம் சமைக்கும் காஸும் காற்றைவிடப் பாரமானதுதான். புகை மேலே போகும். இந்த ஆவிகள் கீழே இறங்கும். தரையோடு தரையாகப் படுக்கும். கதவு இடுக்கு வழியாக வெளியே வரும். கானில் இறங்கித் தண்ணீர் போல ஓடும். நம்முடைய தோட்டங்கள் மலைச்சரிவில் இருக்கின்றன. ஸ்டோர் மேலே, லயம் கீழே என்றால், மேலே சிந்தியது கீழே இருக்கிற அடுப்பைத் தேடி வரும். அடுப்பிலே தொட்டவுடன் வந்த வழியாகவே தீ திரும்பி ஓடிப் போய் ஸ்டோரைப் பிடிக்கும். தீப்பெட்டியை ஸ்டோர் பக்கம் யாரும் கொண்டுபோகவே வேண்டாம்.

மூன்றாவது, அளவு. ஒரு லீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 12 கன மீற்றர் காற்றைத் தீப்பற்றும் கலவையாக மாற்ற முடியும். 10 அடிக்கு 12 அடி காம்பரா ஒன்று, 8 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், 27 கன மீற்றர். அதாவது இரண்டு லீற்றரைக் கொஞ்சம் தாண்டினால் ஒரு முழுக் காம்பராவும் வெடிமருந்து அறையாகிவிடும். புல்வெட்டும் மெஷினுக்கும் கொழுந்து வெட்டும் மெஷினுக்கும் என்று ஸ்டோரில் எத்தனை கேன் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பூட்டிய கதவின் ஆபத்து

இனிச் சொல்வதுதான் இந்த வகுப்பில் மிக முக்கியமானது. தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

பெற்றோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்குக்குக் குறைவாக இருந்தால் பற்றாது. ஆவி போதாது. நூற்றுக்கு ஏழரைப் பங்குக்கு மேலே போனாலும் பற்றாது. அங்கே காற்று போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால்தான் பற்றும், வெடிக்கும்.

இப்போது ஜன்னல் இல்லாத ஒரு ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கேன் சரிந்து கிடக்கிறது. ஆவி நிறைந்து நூற்றுக்கு ஏழரையையும் தாண்டிவிட்டது. ஒரு மூலையில் வயரோ சாக்கோ புகைந்துகொண்டிருக்கிறது. காற்று இல்லாததால் தீ எழும்பவில்லை. வெளியே இருந்து பார்த்தால் கொஞ்சம் புகை மட்டும் தெரியும். பெரிய ஆபத்து இருப்பதாகத் தெரியாது. அந்த நேரத்தில் ஒருவர் ஓடிவந்து பூட்டை உடைத்துக் கதவைத் திறக்கிறார். என்ன நடக்கும்? புதுக் காற்று உள்ளே போகும். அளவுக்கு மீறி இருந்த ஆவி, காற்றோடு கலந்து கலந்து, எரியக்கூடிய அளவுக்கு வந்து சேரும். நெருப்புப் பொறி ஏற்கனவே உள்ளே காத்திருக்கிறது. அது வெடித்து வெளியே வரும் வழி, நாம் திறந்துவிட்ட அந்தக் கதவுதான். கதவில் நிற்பது நம்முடைய பிள்ளை.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் சப்ரைஸ் என்ற ஊரில் 2019 ஏப்ரல் 19ஆம் திகதி மின்கலங்கள் அடுக்கி வைத்த ஒரு கட்டடத்தில் புகை வந்தது. பயிற்சி பெற்ற தீயணைப்புப் படையினர், முழு உடுப்போடு, கருவிகளோடு வந்தார்கள். நீண்ட நேரம் காத்திருந்தார்கள். அளந்து பார்த்தார்கள். பிறகுதான் கதவைத் திறந்தார்கள். திறந்து சில நிமிடங்களில் உள்ளே சேர்ந்திருந்த வாயு வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் தூக்கி எறியப்பட்டுப் படுகாயமடைந்தார்கள். எல்லாம் தெரிந்தவர்களுக்கே கதவைத் திறந்தபோது நடந்தது இது. சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாளியோடு போகிற நமக்கு என்ன பாதுகாப்பு?

எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் ஸ்டோர் கூரையிலிருந்து புகை வந்தது. பிரட்டுக்கு நின்ற ஆறேழு பொடியன்களைக் கூப்பிட்டு, "ஓடுங்கடா, கதவை உடையுங்கடா" என்றார்கள். சாவி டவுனுக்குப் போயிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பொடியன்கள் அலவாங்கால் பூட்டை உடைத்து, உள்ளே போய், எரிந்த சாக்குகளை இழுத்துப் போட்டார்கள். நல்ல காலம், ஒன்றும் ஆகவில்லை. மதியத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அந்தச் சாக்குகளுக்குப் பின்னால் மூன்று கேன் பெற்றோல் இருந்தது என்று. அன்று அவர்களுக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். மலைக்குப் பிந்திப் போனார்களாம்.

அந்த அரைப் பேருக்காகப் பிறகு சங்கம் பேசியது, முழுப் பேர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அன்று அந்தக் கேன்கள் பற்றியிருந்தால் நாம் எதற்காகப் பேசியிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள்.

காப்பாற்றப் போனவர்களின் கணக்கு

1984ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அதே அரிசோனாவில், பீனிக்ஸ் நகரில் நடந்தது இன்னொன்று. தொலுயீன் என்ற திரவம் வைத்திருந்த தொட்டி. தொலுயீன் என்றால் வேறொன்றும் இல்லை, பெயின்ட் கரைக்கிற தின்னரில் இருக்குமே, அந்த வகைச் சரக்கு. 10 அடி அகலம், 20 அடி உயரம். மேலே 16 அங்குலத் துவாரம். ஒரு தொழிலாளி அதன் வழியாகக் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினார். சுவாசிக்கும் கருவி அங்கேயே இருந்தது, அவர் போட்டுக்கொள்ளவில்லை. ஆவியில் மயங்கித் தொட்டியின் அடியில் விழுந்துவிட்டார்.

தீயணைப்புப் படை வந்தது. மேல் துவாரம் சிறியது. ஆகவே தொட்டியின் பக்கச் சுவரை வெட்டி அவரை எடுக்க நினைத்தார்கள். வெட்டும்போது தொட்டி வெடித்தது. 32 வயதான ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். யாரைக் காப்பாற்றப் போனார்களோ, அந்தத் தொழிலாளி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

இது போன்ற பல சம்பவங்களைப் பார்த்த பிறகு, அமெரிக்க அரசின் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் நூற்றுக்கு 60க்கும் அதிகமானவர்கள், முதலில் விழுந்தவர்கள் அல்ல, அவர்களைக் காப்பாற்றப் போனவர்கள் என்று அது சொன்னது.

அது வெளிநாட்டுக் கதை என்று விட்டுவிட வேண்டாம். 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லபிட்டியவில் ஒரு றப்பர் தொழிற்சாலையில் அமோனியாத் தொட்டிக்குள் ஒருவர் விழுந்தார். அவரைத் தூக்கப் போனவர்களும் சேர்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அது தீ அல்ல, நச்சு வாயு. ஆனாலும் பாடம் ஒன்றுதான். நம்மைப் போன்ற தொழிலாளிகள், நல்ல மனது உள்ளவர்கள், ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.

நம் சனங்களின் குணம் நமக்குத் தெரியும். ஒருவன் விழுந்தால் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம். அது நம்முடைய பெருமை. அந்த நல்ல மனது நம்மைக் கொல்லாமல் இருக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும். நடக்கிற நேரத்தில் யோசிக்க முடியாது.

வெறும் பீப்பாய்

இன்னொரு ஆபத்து நம் வாசலிலேயே இருக்கிறது. எண்ணெய்ப் பீப்பாய்கள், தின்னர் டின்கள் தோட்டத்திலிருந்து கழித்துவிடப்படும்போது, தண்ணீர் பிடிக்கவும் அடுப்பு செய்யவும் நாம் கொண்டுவருகிறோம். "வெறும் பீப்பாய்தானே" என்று வெல்டிங் கடையில் கொடுத்து வெட்டுகிறோம். அல்லது உளியும் சுத்தியலும் வைத்து நாமே வெட்டுகிறோம்.

நிரம்பிய பீப்பாயைவிட வெறும் பீப்பாய் ஆபத்தானது. நிரம்பியதில் ஆவிக்கு இடம் குறைவு, காற்றும் குறைவு. வெறும் பீப்பாயில் அடியில் ஒட்டியிருக்கும் சொட்டு எண்ணெய் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து, வெடிக்கிற அளவில் தயாராக நிற்கும். பீனிக்ஸில் பக்கச் சுவரை வெட்டியபோது நடந்ததும் அதுதான். எண்ணெயும் தின்னரும் இருந்த பீப்பாயை வீட்டில் வெட்டாதீர்கள். மருந்து இருந்த பீப்பாயைத் தண்ணீர் பிடிக்கவும் வைக்காதீர்கள்.

தீ என்றால் என்ன செய்வது

இனி நடைமுறைக்கு வருவோம். மாதர் குழுத் தலைவிமார் இதை எழுதிக்கொண்டு போய் லயத்துக்கு லயம் சொல்ல வேண்டும்.

ஒன்று. ஸ்டோரிலிருந்து புகை வந்தால் கதவைத் திறக்காதீர்கள், உடைக்காதீர்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் நேரே நிற்காதீர்கள்.

இரண்டு. முதலில் ஆட்களை அப்புறப்படுத்துங்கள். கீழே இருக்கிற லயத்தவர்கள் அடுப்பை மூட்டவோ விளக்கை ஏற்றவோ கூடாது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் பக்கவாட்டாகக் கூட்டிப்போய், பிறகு மேட்டுப் பக்கம், காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சேருங்கள். கீழ்ப்பள்ளத்துக்கும் கானுக்கும் யாரையும் விடாதீர்கள். பிள்ளை மடுவத்தில் இருக்கிற குழந்தைகளை யார் எடுப்பது என்று இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்று. மெயின் சுவிட்சை ஸ்டோருக்கு வெளியே, தூரத்தில் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். பெற்றோல் மணம் வரும் இடத்தில் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். போனில் பேசுவதும் தூரத்தில் போய்த்தான்.

நான்கு. 110க்கு அழையுங்கள், அது தீயணைப்பு. 119 பொலிஸ். காயப்பட்டவர் இருந்தால் 1990 அம்புலன்ஸ். தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், எந்தப் பாதையால் வர வேண்டும், உள்ளே என்னென்ன இருக்கிறது, இவ்வளவையும் சொல்லுங்கள். ஒரு பொடியனைப் பிரதான பாதைச் சந்தியில் நிறுத்துங்கள், வண்டிக்கு வழிகாட்ட.

ஐந்து. எரிகிற பெற்றோலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெற்றோல் தண்ணீரைவிட இலேசானது. தண்ணீருக்கு மேல் மிதந்து, எரிந்துகொண்டே லயத்துப் பக்கம் ஓடிவரும். தண்ணீர் வேண்டியது பக்கத்துக் கூரைகளுக்கு. தூரத்தில் நின்று அவற்றை நனைத்துக்கொண்டே இருங்கள். வெளியில், திறந்த இடத்தில் சிறிய தீ என்றால் காய்ந்த மணலோ பவுடர் சிலிண்டரோ போதும். முதுகுப் பக்கம் ஓடுவதற்கு வழி இருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் முடிந்தும் அணையவில்லை என்றால் விட்டுவிட்டு ஓடிவிடுங்கள்.

ஆறு. மருந்து எரிகிற புகை நெருப்பைவிட மோசமானது. அந்தப் புகைக்குள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். துணி புகைத் தூசை மட்டும் கொஞ்சம் தடுக்கும். நச்சு வாயுவையும் பெற்றோல் ஆவியையும் தடுக்காது.

ஏழு. தீ இல்லை, ஆனால் தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார். என்ன செய்வது? இறங்காதீர்கள். அவர் உடம்பில் கயிறு இருந்தால் வெளியிலிருந்து இழுங்கள். இல்லாவிட்டால், பொறி எழாமல் மூடியைத் திறந்து காற்றுப் போக விட்டு, உதவி கூப்பிடுங்கள். மணத்தை நம்பி ஆபத்து தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் மூக்குப் பழகிவிடும், மணம் தெரியாது. அமெரிக்க விதிப்படி, தீப்பற்றுவதற்கு வேண்டிய குறைந்த அளவில் பத்தில் ஒரு பங்கு ஆவி இருந்தாலே அந்த அடைபட்ட இடம் ஆபத்தான இடம். பத்தில் ஒரு பங்கை மூக்கால் அளக்க முடியாது. அதற்குக் கருவி வேண்டும்.

வீட்டுக் காஸ் விஷயம் வேறு. காஸ் மணம் வந்தால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். சிலிண்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடு முழுவதும் காஸ் அடுப்புகள் வெடித்தது நினைவிருக்கும். விசாரிக்க ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியதைக் குழு சுட்டிக்காட்டியது. அந்த மாற்றத்தை அடுப்பின் முன்னால் நின்ற அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் பெற்றோல் கியூ வந்தபோது, வீட்டுக்கு வீடு கேனில் எண்ணெய் சேர்த்து வைத்தோம். அந்தப் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. லயத்தில் ஒரு காம்பராவில் பற்றினால் ஒரே கூரை வழியாகப் பத்துக் காம்பராவுக்கும் போகும். கட்டிலுக்கடியில் இருக்கிற கேனை இன்றைக்கே வெளியே எடுங்கள்.

நிர்வாகத்திடம் என்ன கேட்பது

இதுவரை நாம் செய்ய வேண்டியதைச் சொன்னேன். ஸ்டோர் நிர்வாகத்தின் ஸ்டோர். ஆபத்தை அங்கே வைத்தவர்களுக்குத்தான் அதைக் காக்கும் பொறுப்பும்.

பெற்றோலும் தின்னரும் மருந்தோடும் சாக்கோடும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. அவற்றுக்கு லயத்திலிருந்தும் பிள்ளை மடுவத்திலிருந்தும் விலகிய தனி அறை வேண்டும். அந்த அறையில் தரை மட்டத்திலும் மேலேயும் காற்றோட்டத் துவாரம் வேண்டும். ஆவி கீழே படுப்பதால் மேலே மட்டும் ஜன்னல் வைத்துப் பிரயோசனம் இல்லை.

உள்ளே என்ன, எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல் கதவுக்கு வெளியே தமிழிலும் சிங்களத்திலும் தொங்க வேண்டும். பிரதி ஒன்று தோட்டத்து ஒபீஸிலும், ஒன்று நம் தோட்டக் கமிட்டியிடமும் இருக்க வேண்டும். 2022 ஜூனில் பங்களாதேஷில் சீதாகுண்டா கொள்கலன் களஞ்சியத்தில் தீப்பிடித்தபோது, உள்ளே இரசாயனம் இருப்பது தெரியாமல்தான் தீயணைப்பு வீரர்கள் போனார்கள். வெடித்ததில் பலர் இறந்தார்கள், தீயணைப்பு வீரர்களும் அதில் இருந்தார்கள். ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் போதும், எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

தீயணைக்கத் தொழிலாளரைக் கூப்பிடுவதானால் அதற்கென்று ஆட்களைத் தெரிந்து, பயிற்சி கொடுத்து, உடுப்புக் கொடுக்க வேண்டும். அன்று முழுப் பேர் போட வேண்டும். பயிற்சி இல்லாதவரை உள்ளே அனுப்பக் கூடாது.

இதெல்லாம் நாம் கேட்கும் சலுகை அல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்கும் றப்பர் தொழிற்சாலைக்கும் பொருந்தும். தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு நாம் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். 2022 ஜூனில் சர்வதேசத் தொழில் அமைப்பு, பாதுகாப்பான வேலையிடத்தைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதோடு அடிப்படைச் சமவாயமாக ஆக்கப்பட்டது 1981ஆம் ஆண்டின் 155ஆம் இலக்கச் சமவாயம். உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பி ஒரு தொழிலாளி விலகினால், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்கிற பொடியனை இனி யாரும் பயந்தாங்கொள்ளி என்று ஏசக் கூடாது. துரைமாரும் ஏசக் கூடாது, நம்முடைய பெரியவர்களும் ஏசக் கூடாது.

நட்டஈடு பற்றி ஒரு வார்த்தை. வேலையின்போது, வேலை காரணமாகக் காயம் ஏற்பட்டதா என்றுதான் 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம் கேட்கும். "அவன் தானாகப் போனான், யாரும் அனுப்பவில்லை" என்று பிறகு சொல்ல இடம் வைக்கக் கூடாது. யார் கூப்பிட்டார், எத்தனை மணிக்கு, யார் யார் போனார்கள், யார் பார்த்தார்கள் என்பதைக் கமிட்டித் தலைவர் அன்றே எழுதி, திகதி போட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். சிறிய காயமானாலும் தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பதிய வையுங்கள்.

இந்த மாதத்து வேலை

கேட்டுவிட்டுப் போவதற்காக இந்த வகுப்பு இல்லை. இந்த மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, தலைவரும் மாதர் தலைவியும் இளைஞர் அணியில் ஒருவருமாகப் போய், நிர்வாகத்தின் அனுமதியோடு ஸ்டோரைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அனுமதி தராவிட்டால் அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஸ்டோருக்குக் கீழே உள்ள கான் எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள். அது எந்த லயத்தைத் தொடுகிறதோ அந்த லயத்தவர்களைக் கூட்டி, தீ என்றால் எந்தப் பக்கம் போவது என்று ஒரு முறை நடந்தே பழக்கிவிடுங்கள். பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பாடசாலைப் பக்கத்தை நானும் மற்ற ஆசிரியர்களும் பார்த்துக்கொள்கிறோம்.

மூன்றாவது, உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடம் தண்ணீர்ப் பம்பும் தீயணைப்புப் பயிற்சியும் கேட்டுக் கடிதம் கொடுங்கள். 2018க்கு முன் சட்டத்தில் இடமில்லை என்று சொன்னார்கள். இப்போது அந்தச் சாக்கு இல்லை.

அறிக்கைகளை அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்கி நிர்வாகங்களோடு பேசுவதற்கு மாவட்டக் காரியாலயம் தயாராக இருக்கிறது. இப்போது கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. கேன் வைத்திருக்கிற வீட்டுக்காரர்களும் தயங்காமல் கேட்கலாம், யாரும் சிரிக்க மாட்டோம்.